திருஷ்டிக் கயிற்றில் நான்கு ரேம்

என் வீட்டுக்காரருக்கு எதையும் காத்திருந்து வாங்கினால்தான் நிம்மதி. தேங்காய் விலை இறங்கட்டும், கேஸ் விலை இறங்கட்டும் என்று பொறுத்திருந்து, கடைசியில் ஏறின விலைக்குத் தூக்கிக்கொண்டு வருவார். வந்ததும், "அடுத்த மாசம் இன்னும் ஏறும் பாரு" என்று எனக்கே ஆறுதல் சொல்வார். பெயர் ரமேஸ். பதுளையில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் நான்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் இவருடைய அக்கா பாக்கியலெட்சுமியின் மகள் தனுஜாவுக்குப் போன வருடம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கொஸ்லந்தைத் தோட்டத்துப் பையன். வெற்றிலை மாற்றின கையோடு இவர் எழுந்து நின்று, "தாய்மாமன் சீரா நான் ஒரு கம்ப்யூட்டரே கொண்டாந்து வைக்கிறேன்" என்று சபையில் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

ஏனென்றால் அது வெறும் பெருமைக்கான சீர் இல்லை. தனுஜா வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டுப் படங்கள் வரைந்து அனுப்புகிறாள். வரைவது கூடப் படித்தவளின் இரவல் மெஷினில். கொஸ்லந்தைக்குப் போகும்போது அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சொந்த மெஷின் இல்லையென்றால் அந்த வேலை அன்றோடு போச்சு. அக்கா எட்டாம் வகுப்போடு தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனதால்தான் இவர் படித்தார். அந்த அக்கா மகளின் வேலை இவரால் போனால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

பெட்டி, மதர்போர்டு, மற்றச் சாமான் எல்லாம் சீக்கிரமே வாங்கிவிட்டார். அதுவும் ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெட்டி. உள்ளே இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டுமாம். மிச்சம் இருந்தது ரேம் மட்டும். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்வது அந்தப் பச்சைத் துண்டுதான். ரேமுக்கும் தலைமுறை உண்டு. இப்போது நடப்பது ஐந்தாம் தலைமுறை. அது நாலாம் தலைமுறை போர்டில் ஏறவே ஏறாது. மலிவாகக் கிடைத்ததென்று இவர் வாங்கியது நாலாம் தலைமுறை போர்டு.

"ரேமையும் வாங்கிருங்களேன்" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. புதுசு வந்துட்டா பழச எவன் சீண்டுவான்? மூணாம் தலைமுறைக்கு என்ன ஆச்சு? அள்ளிக் குடுத்தாங்க. பொறு, தை மாசத்துக்குள்ள இது தரையில கெடக்கும்."

தரையில் கிடக்கவில்லை. கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. செயற்கை நுண்ணறிவுக்கென்று உலகத்தில் பெரிய பெரிய மெஷின்களை நிறுத்துகிறார்களாம். ரேம் செய்கிற கம்பெனிகள் அவற்றுக்குத் தீனி போடத் திரும்பிவிட்டன. ஐந்தின் விலை ஏறியது. நாலாம் தலைமுறையைச் செய்வதையே குறைத்துக்கொண்டதால், பழைய போர்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் மிச்சமிருந்த கொஞ்சத்துக்கு அடித்துக்கொண்டார்கள். கிழடு குமரியை விட விலை போனது.

எதிர்க்கடை பஸீல் நானாவிடம் போய்க் கேட்டோம்.

"காலையில சொன்ன வெல பகலைக்கு இல்ல தம்பி" என்றார் அவர். "நாளைக்கு என்னண்டு என்னால சொல்ல ஏலாது. வேணுமெண்டா இப்பவே எடுங்க."

அவர் சொன்ன விலைக்கு, இவர் அதுவரை வாங்கின அத்தனை சாமானையும் இன்னொரு முறை வாங்கியிருக்கலாம். இவர் திரும்பி வந்து கடைக்குள் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. திட்டத்தான் வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை. எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று கடை வாசலைப் பார்த்தேன்.

வாசல் நிலையில் திருஷ்டிக்குக் கட்டின கயிறு தொங்கியது. எலுமிச்சங்காய், காய்ந்த மிளகாய், நடுநடுவே நான்கு ரேம். கண்பட்டுச் செத்த ரேம், இனி ஊர்க் கண்ணை அதுவே வாங்கிக்கொள்ளட்டும் என்று இவர்தான் விளையாட்டாகக் கோத்துக் கட்டியிருந்தார்.

"ஏங்க, அது எந்தத் தலைமுறை?"

"நாலு. செத்தது."

"எப்படிச் செத்துச்சு?"

"முந்தின வருசம் வாணி விழாவுக்கு சரஸ்வதி முன்னால வச்சேன்ல? மறுநாள் போட்டுப் பாத்தேன், எழும்பல. அப்ப என்ன, சும்மா குடுத்த விலை. வேற வாங்கிட்டேன்." சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்தினார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! சந்தனம்!"

அன்று பூசையில் ஒவ்வொரு ரேமுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தது இவரேதான். வைத்த இடம்தான் விசேஷம். ரேமின் ஓரத்தில் தங்கப் பல் வரிசை இருக்கும், அதுதான் போர்டோடு கடித்துப் பிடிக்கிற இடம். பொன் இருக்கிற இடத்தில்தான் பொட்டு வைக்க வேண்டுமென்று அங்கேயே பார்த்துப் பார்த்து அப்பியிருந்தார். பல்லில் சந்தனம் காய்ந்தால் எந்த ரேம் எழும்பும்? மலிவாக இருந்த காலத்தில் அதைத் துடைத்துப் பார்க்கக்கூட இவருக்குச் சோம்பல்.

"கழட்டுங்க" என்றேன்.

இவர் பின்வாங்கினார். "அதெப்படி? ஒரு வருசமா பதுளையில உள்ள கண்ணு பூரா அதுலதான் விழுந்திருக்கு. முச்சந்தியில போட வேண்டிய சாமான். அதப் போயி கல்யாணப் பொண்ணுக்குக் குடுப்பாங்களா?"

"அப்ப பஸீல் நானாக்கிட்டப் போங்க."

இவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறினார். கழற்றி மேசையில் வைத்ததும் நான் கற்பூரம் கொளுத்தி அந்த நான்கையும் சுற்றி எடுத்தேன். திருஷ்டிக்கே திருஷ்டி கழித்த குடும்பம் ஊவா மாகாணத்திலேயே நாங்கள்தான் என்று நினைக்கிறேன். பிறகு இவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் பல் பல்லாகத் தேய்த்தார். இரண்டு ரேம் எலுமிச்சைச் சாற்றில் அரித்து உண்மையாகவே செத்திருந்தன. மற்ற இரண்டும் எழும்பின. தனுஜாவின் வேலைக்கு அந்த இரண்டும் போதும். இவர் அதை நம்பாமல் கல்யாணத்துக்கு முதல் நாள் வரை மெஷினை நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சீர் ஊர்வலம் லயத்து வீடுகளுக்கு நடுவே தப்பு மேளம் அடித்துக்கொண்டு போனது. சேலைத் தட்டு, வளையல் தட்டு, பழத் தட்டு, கடைசியில் இவர் தலையில் கம்ப்யூட்டர். பந்தலில் இறக்கி வைத்துப் போட்டதும் திரை பளிச்சென்று எழுந்தது. கொஸ்லந்தைக்காரர்கள் கைதட்டினார்கள். இவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தனுஜா கண்ணாடிப் பக்கம் குனிந்து பார்த்தாள். "மாமா, ரேம்ல குங்குமம் இருக்கு." இன்னும் குனிந்தாள். "இங்க ஒரு மொளகா வெத! மாமா, இது கடை வாசல்ல எலுமிச்சங்காயோட தொங்குனது தானே?"

பந்தலில் இருந்த தலையெல்லாம் இவர் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா ரெங்கம்மா முகத்தைச் சுளித்தார். திருஷ்டிச் சாமானைச் சீராக வைத்தவன் என்று இனி இரண்டு தோட்டமும் பேசும். நான் எழுந்து ஏதாவது சொல்வதற்குள் பாக்கியலெட்சுமி அண்ணி முன்னால் வந்தார்.

"என்ன எல்லாரும் அப்படிப் பாக்குறீங்க? தன் கடைக்குக் காவலா கட்டியிருந்தத அவுத்து எம்மகளுக்குக் கொண்டாந்துட்டான் எந்தம்பி. இப்ப அவன் வாசல் வெறுசா கெடக்கு. இதுக்கு மேல எவன் சீர் செய்வான்?"

இவர் அழுதுவிட்டார். நானும்தான், சொல்வதற்கு என்ன வெட்கம். தனுஜா வந்து மாமன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெங்கம்மாவுக்கும் முகம் இளகிவிட்டது.

"அப்ப இது சாமி சாமானாச்சே! நாங்களும் ஒரு பொட்டு வைக்கிறோம்" என்று சந்தனக் கிண்ணத்தில் விரலை முக்கிக்கொண்டு அந்த அம்மா மெஷினை நோக்கி நடந்தார்.

அழுதுகொண்டிருந்தவர் ஒரே தாவலில் குறுக்கே போய் விழுந்தார். இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெற்றியை நீட்டினார்.

"எனக்கு வைங்க சம்மந்தியம்மா, எனக்கு வைங்க!"