துரை போட்ட தரம்

சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலுக்கு வேலைநிறுத்தம் தெரியாது. ஒரு நாள் கூடக் கிடந்தால் அழுகிப்போகும். அதனால்தான் எல்லாரும் கேட்டுக்கு வெளியே நின்ற அன்றைக்குச் சம்பந்தம் மட்டும் உள்ளே போய்த் தோலைத் தூக்கிப் போட்டான். மறுநாளே தோல் பதனிடும் அந்த ஆம்பூர் ஷாப்பில் முடிவாகிவிட்டது: அவனோடு யாரும் பேசக்கூடாது. பேசினால் பேசினவனுக்கும் அதே கதிதான்.

மற்றவர்கள் பேசாதது போகட்டும். ஜான் பாஷா பேசாததுதான் சோற்றை இறங்கவிடவில்லை. குழிக்கு எதிர்ப்புறம் நின்று இடுக்கி பிடிக்கிறவன். மீசை முளைக்கும் முன்பிருந்தே தோஸ்த். இப்போது தோலைத் தூக்க வேண்டிய நேரத்தில் ஒரு தரம் இருமுவான். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு மத்தியானம் தோல் வாங்க வந்த வெள்ளைக்காரத் துரை, ஆவாரம் பட்டைக் குவியல் ஓரமாகத் தனியே உட்கார்ந்து களி தின்கிற சம்பந்தத்தைப் பார்த்தார். "ஃபார்லார்ன்" என்றார். போய்விட்டார்.

துரை வாயிலிருந்து இதுவரை வந்ததெல்லாம் தரம்தான்: ப்ரைம், செகண்ட்ஸ், ரிஜெக்ட். ஆகவே இதுவும் தரமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஷாப்பே தீர்மானித்தது. பட்டை சுமக்கும் பூங்காவனம், சம்பந்தம் காதில் விழும்படி சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ரிஜெக்ட்டுக்கும் கீழ ஒண்ணு கீதாம்டி யம்மா! வஜ்ஜிரப் பசை காய்ச்சக்கூட ஆவாதாம்!"

சுவரோடு பேசக் கட்டுப்பாடு இல்லை.

சம்பந்தம் கிளார்க் ஹபீபிடம் போனான். கிளார்க்குகள் வேலைநிறுத்தத்திலும் இல்லை, கட்டுப்பாட்டிலும் இல்லை. ஹபீப் அகராதியைப் புரட்டினார்.

"தரம் இல்லப்பா. நாதியில்லாம ஒண்டியா, பேஜாரா கிடக்கிறவனைச் சொல்றது. ஆதியில இதுக்கு அடியோட தொலைஞ்சதுன்னு அர்த்தமாம்."

"தொலைஞ்சதா? அப்ப தொலைச்சவன்னு ஒருத்தன் இருக்கணுமே சார்?"

"அதெல்லாம் இதுல போடல."

சம்பந்தம் குழிக்குத் திரும்பினான். ஜான் பாஷா இருமினான். சம்பந்தம் இடுக்கியைத் தூக்கவில்லை.

"பாஷா, ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. நீ என்னைத் தொலைச்சுட்டியா, இல்ல வீசிட்டியா? வீசிட்டேன்னா நான் பேரணாம்பட்டு ஷாப்புக்குப் போய்டறேன்."

ஜான் பாஷா மறுபடி இருமிப் பார்த்தான். தோல் குழியிலேயே கிடந்தது. சுற்றி இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்துபோயிற்று.

"இன்னாடா தொலைச்சது, வீசினது? இந்தாண்ட நான், அந்தாண்ட நீ. நடுவுல தோல் அழுவிப்போவுது. தூக்குடா கழுதை!"

சம்பந்தம் தூக்கினான்.

அன்று மாலையிலிருந்து ஜான் பாஷாவோடும் யாரும் பேசவில்லை. மறுநாள் பட்டைக் குவியல் ஓரமாக இரண்டு பேர் உட்கார்ந்து களி தின்றார்கள். களியில் உப்பு கம்மி என்று ஜான் பாஷா திட்டினான். திட்டிக்கொண்டே இருந்தான். சம்பந்தம் இன்னொரு உருண்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்.