ஹாலிதா முந்திக்கொண்டு சொன்ன பதில்

துபாயில் கிளை வைத்திருந்த அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில், மாணவர் சேர்க்கைப் பிரிவுக்கு ஹாலிதா தலைவியாகி நாலு வருஷமாகிறது. அதற்கு முன் அந்த நாற்காலியில் வெள்ளைக்காரர்களே இருந்தார்கள். கீழக்கரைக்காரி ஒருத்தி உட்கார்ந்ததும் அவள் படத்தைப் பெரிதாக விளம்பரத்தில் போட்டார்கள். இரண்டாம் வருஷமே, தன் ஆட்களாகப் பார்த்துச் சேர்க்கிறாள் என்று ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. விசாரித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து தமிழ்ப் பெயருள்ள விண்ணப்பம் வந்தால், அவள் இரண்டு தரம் படித்துக் குறை தேடுவாள்.

இந்த மே மாதம் முழு உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம் மிஞ்சியிருந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு மாணவிகள். ஒருத்தி கெய்ரோவிலிருந்து விண்ணப்பித்தவள். மற்றவள் லக்சிகா, யாழ்ப்பாணத்துப் பெண். அப்பா துபாயிலேயே, தேராப் பகுதியில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க். நேர்முகத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் சற்று யோசித்து, பிறகு கணீரென்று பதில் சொன்னாள்.

முடிவெடுக்க உட்கார்ந்தபோது டீன் சிரித்தபடி, "ஹாலிதா, இந்தப் பெண் உங்கள் மொழிக்காரி அல்லவா? தனிப் பிரியம் இருக்குமே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

"பதில் சொல்லத் தயங்குகிறாள். காத்திருப்புப் பட்டியலில் வைக்கலாம்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

டீன் புருவத்தை உயர்த்தினார். "அப்படியா? நான் இவளைத்தான் நினைத்திருந்தேன். சரி, நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இடம் கெய்ரோ மாணவிக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் லக்சிகா நேரிலேயே வந்து நின்றாள்.

"மிஸ், நான் எதிலை பிழை விட்டனான் எண்டு சொன்னீங்களெண்டா, அடுத்த முறை திருத்திக்கொள்ளுவன்."

"போட்டி ஜாஸ்தியாப் போச்சும்மா."

"ஓம் மிஸ். நேர்முகத்திலை நீங்கள் இருந்தபடியாத்தான் நான் பயப்பிடாமல் கதைச்சனான்." நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஹாலிதா மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. நேரே டீனிடம் போய், "அந்தப் பெண் தயங்கவில்லை. நான்தான் பயந்தேன்" என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சேர்க்கைக் கோப்பைத் திறந்து பார்த்தார். கெய்ரோ மாணவி ஒப்புதலில் கையெழுத்திட்டாயிற்று, அவளும் தகுதியானவள், இனிப் பிடுங்க முடியாது என்றார். "நீங்கள் சொன்னதைக் கோப்பில் எழுதி வைக்க வேண்டிவரும்."

"எழுதுங்கள்" என்றாள்.

மாலையில் லக்சிகாவுக்குப் போன் செய்தாள்.

"உன்மேல தப்பே இல்லம்மா. உனக்குப் பரிஞ்சு பேசுறேன்னு சொல்லிருவாங்களோன்னு பயந்து, நானே உன்னைத் தள்ளிவிட்டுட்டேன். என்னை மன்னிச்சுரு."

மறுமுனையில் பஸ் இரைச்சலுக்கு நடுவே லக்சிகாவின் குரல் வந்தது.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ். எங்கடை ஆள் ஒராள் மேலை இருக்கிறா எண்டு தான் வேலை செய்யிற கந்தோர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறார்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஹாலிதாவும் மறுபடி கேட்கவில்லை.

செப்டம்பரில் விசாரித்தபோது, லக்சிகா பகலில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டு பக்கத்து ஊரான அஜ்மானில் ஒரு கல்லூரியின் மாலை வகுப்புக்குப் போகிறாள் என்று தெரிந்தது. சிபாரிசுக் கடிதம் ஏதாவது வேண்டுமா என்று செய்தி அனுப்பினாள் ஹாலிதா.

"வேண்டாம் மிஸ், சமாளிக்கிறன்" என்று பதில் வந்தது.