குழாயடியில் பத்துக் கணக்கு

"அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க மதினி. கணக்கக் குறைக்கலன்னா எம்மவள காலேசுக்கு அனுப்ப மாட்டேன்."

சங்கரம்மாள் தண்ணீர் வரிசையில் வைத்தே ராமலட்சுமியிடம் சொல்லிவிட்டாள். அவள் மகள் முத்துமாரி பி.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிறாள். ராமலட்சுமியின் கணவர் பூவனநாதன்தான் அவளுக்கு நவீன பௌதிகம் எடுக்கிறவர். வாராவாரம் பத்துக் கணக்கு கொடுத்து அனுப்புகிறவரும் அவரேதான்.

"விடிஞ்சா தண்ணி, பொழுதன்னைக்கும் காலேசு, வந்தா பருத்திக்காடு. பிள்ள எப்பதான் எழுதும்?"

ராமலட்சுமி வீட்டில் வந்து சொன்னதும் பூவனநாதன் சிரித்தார். "பத்துக் கணக்குதான? உக்காந்தா முடிஞ்சு போகும்."

"உக்கார விட்டாத்தான! நாளைக்குத் தண்ணிக்கு நீங்க வாங்க. அங்கன வச்சுப் போட்டுக் காட்டுங்க."

மனிதர் ரோஷக்காரர். மறுநாள் தோளில் குடமும் கையில் அந்த வாரக் கணக்குத் தாளுமாக வரிசையில் போய் நின்றார். ராமலட்சுமி இன்னொரு குடத்தோடு பின்னாலேயே போனாள்.

"என்ன கணக்கு அண்ணாச்சி?" என்றாள் சங்கரம்மாள்.

"தகட்டுல வெளிச்சம் பட்டா எலக்ட்ரான் வெளிய வரும். என்ன வேகத்துல வரும்னு பாக்கணும்."

"குழாயில தண்ணி வரக் காணும். உங்களுக்கு எலக்ட்ரான் வருதாக்கும்! குடத்த நகத்துங்க."

நகர்த்தினார். எழுதினார். மறுபடி நகர்த்தினார். தண்ணீர் வந்ததும் வரிசை முண்டியது. தாள் பாதி நனைந்தது. மூன்றாவது கணக்கில் விடை என்னவோ போல் வந்து நின்றது. பின்னால் குடத்தோடு நின்ற முத்துமாரி எட்டிப் பார்த்தாள்.

"சார், அங்கன மைனஸ் விட்டுட்டீங்க."

விட்டுத்தான் இருந்தார். ராமலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிம்மா," என்றார் பூவனநாதன். "இனிமே மூணு போதும்."

சங்கரம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மகளுக்குத்தான் மலரவில்லை.

"அப்ப நாலாவது கணக்கு சார்? பருத்தி எடுக்கையில எல்லாம் அதத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் வழி தெரிஞ்ச மாதிரி இருக்கு."

"ஏட்டி, அது எதுக்கு ஆகும்?"

"தெரியலம்மா. விட மனசில்ல."

பூவனநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். ராமலட்சுமி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

சங்கரம்மாள் மகள் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கித் தன் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தா கல்லுல போயி உக்காந்து எழுது. ரெண்டையும் நான் நகத்துதேன்."