ஏட்டில் இல்லாத மகன்

லியூ குலத்தின் ஏட்டில் ஒரு பெயரைக் கறுப்பு மையால் அடிப்பது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. அபினுக்காக அண்ணன் வீட்டு நகையைத் திருடியவன் ஒருவன், அடுத்த குலத்தவனின் மனைவியோடு ஓடிப்போனவன் ஒருவன். அடித்த கோடு அப்படியே நிற்கும்; கோட்டுக்கு அடியில் பெயரையும் படித்துக்கொள்ளலாம். ஆனால் லியூ தெங் கியூ தம் மகனின் பெயர்மேல் கோடு போடச் சம்மதிக்கவில்லை. கோட்டைப் பார்க்கிறவனெல்லாம் இது யார், என்ன செய்தான் என்று கேட்பான். அந்தத் தாளையே எடுத்து எரித்துவிட்டு, அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பதுபோல் வேறு தாள் எழுத வேண்டும் என்றார்.

ஏடு எழுதும் ஷாவ் நாம் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அவர் தெங் கியூவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"கோடு போட்டா பின்னால சுரண்டிக்கலாம் அண்ணே. எரிச்சுட்டா எதைச் சுரண்டுறது?"

"பின்னால சுரண்டுற மாதிரி காரியம் எதையும் நான் செஞ்சதில்ல. நீ எழுது."

முன்னோர் பலகைகளுக்கு எதிரே ஊதுவத்திச் சாம்பல் குவிந்திருந்த செப்புக் கலத்தில் தாள் எரிந்தது. புதுத் தாளில், தெங் கியூவின் பெயருக்குக் கீழே பிள்ளைகளின் பெயர் வரவேண்டிய இடத்தில், 'வாரிசு இல்லை' என்று ஷாவ் நாம் எழுதினார். குலத்தின் ஐந்து பெரியவர்கள் வரிசையாக வந்து தங்கள் முத்திரையை அழுத்தினார்கள். மறுநாள் பினாங்குச் சீனப் பத்திரிகையில் அறிவிப்பும் வந்தது. சுங்கை பாயா சுரங்கத்தில் கலகம் செய்துவரும் லியூ யுக் ஷின் என்பவன் தமக்கு மகனும் அல்ல, எந்த வகையிலும் உறவும் அல்ல என்று தெங் கியூ ஊரறியச் சொல்லியிருந்தார்.

லியூ என்ற குலப்பெயரைக் காப்பாற்ற மூன்று தலைமுறை பாடுபட்டிருந்தது. தெங் கியூவின் தாத்தா சீனாவிலிருந்து கப்பலின் அடித்தட்டில் பன்றிக்குட்டிபோல் அடைபட்டு வந்து, படிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்து, ஈயக்குழியில் இறங்கியவர். அப்பா பத்துப் பேருக்கு மேஸ்திரியானார். தெங் கியூ முன்னூறு பேரை வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்; ஆட்களுக்கு அவர் 'தவுக்கே', அதாவது முதலாளி. அவர் உள்ளே போனால் மேனேஜர் துரைகூட நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருப்பார். அந்தப் பாதி எழுச்சிக்கு எண்பது வருடம் ஆனது என்று தெங் கியூ அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

யுக் ஷின் அவருக்கு ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது. காலையில் குழி விளிம்பில் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வருகை எடுப்பது அவன் வேலை. சீனப் புத்தாண்டு முடிந்த பத்தாம் நாள், குழியின் கிழக்கு மண்சுவர் சரிந்தது. யார் யார் உள்ளே போய்விட்டார்கள் என்று அவனுக்குத்தான் உடனே தெரிந்தது. ஒன்பது பேர். கம்பெனி அரை நாள் மண்ணைக் கரைக்கும் தண்ணீர்க் குழாய்களை நிறுத்தியது. இரண்டு உடல்களை எடுத்தார்கள். மத்தியானம் மறுபடி குழாயைத் திறந்துவிட்டார்கள்; மீதி ஏழு பேர்மேல் சேறு ஏறியது.

மறுநாள் காலை யுக் ஷின் பெயர் கூப்பிடவில்லை. அந்த ஏழு பேரும் மேலே வரும்வரை யாரையும் கூப்பிடமாட்டேன் என்று விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். பெயர் கூப்பிடாமல் எவனும் குழியில் இறங்கக்கூடாது என்பது கம்பெனி போட்ட சட்டம். ஆட்களும் உட்கார்ந்தார்கள். மூன்று நாளில் பக்கத்துச் சுரங்கங்களும் சேர்ந்து அறுநூறு பேர் ஆனார்கள். உடல்களை எடு, காயம்பட்டவனுக்கு மருந்து கொடு, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்று கோரிக்கைகள் வந்தன. கடைசிக் கோரிக்கை, நடுவில் ஒப்பந்தக்காரன் கூடாது, கம்பெனியே நேராக ஆள் எடுக்க வேண்டும் என்பது.

அதைப் படிக்கும்போது யுக் ஷின் ஒரு பீப்பாய்மேல் ஏறி நின்றானாம். "ஒப்பந்தக்காரர் வேற யாருமில்ல, எங்கப்பாதான். அவர் வீட்டுச் சோத்துல வளர்ந்தவன் நான். அந்தச் சோறு யார் வயித்திலிருந்து வந்துச்சுன்னு இந்தச் சுவர் விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது" என்றானாம்.

இதைத் தெங் கியூவுக்குச் சொன்னவர் காப்பிக்கடைக்காரர். அவர் குவளையைக் கழுவிக்கொண்டே, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னார். "பையன் நல்லா பேசுறான் தவுக்கே. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது வீண் போகல." பின்னால் யாரோ காப்பி புரையேறியதுபோல் இருமினான். தெங் கியூ குவளையைக் கீழே வைத்துவிட்டு நேராகக் குலமண்டபத்துக்குப் போனார். தாள் எரிந்தது அதற்கு அடுத்த நாள்.

வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள் போலீஸ் லாரிகள் வந்தன. யுக் ஷினையும் வேறு ஆறு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தெங் கியூ கலங்கவில்லை. நாலு மாதம் ஜெயில், நாலு அடி, திமிர் இறங்கி வருவான் என்றுதான் எண்ணினார்.

இரண்டு நாள் கழித்து மருமகள் ஃபா யின் வந்தாள். ஓடையில் மரத்தட்டை வைத்து ஈய மணல் அரிக்கிறவள். அந்தக் கல்யாணத்துக்கே தெங் கியூ போகவில்லை. கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருக்க, நாலு மாத வயிற்றோடு முன்வாசல் வழியாக உள்ளே வந்து நின்றாள்.

"ஜெயில் இல்லையாம் மாமா. சீனாவுக்குக் கப்பல் ஏத்துறாங்களாம். அங்க இறங்கினா துறைமுகத்துலயே சிவப்புக்காரன்னு பிடிச்சுக்குவாங்க. போன வருஷம் போனவங்கள்ல ஒருத்தரும் கடிதம் போடல."

தெங் கியூ அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இந்த மண்ணுல பிறந்தவனை ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்காம். போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னாங்க. இவர் இங்க பிறந்தவர்னு நீங்கதான் போய்ச் சொல்லணும்."

கப்பல் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை. தாத்தா எந்தக் கடலைத் தாண்டி வந்தாரோ அந்தக் கடலின் மறுகரையில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு குடிசைகூட மிச்சமில்லை.

ஈப்போவில் சீனர் விவகாரங்களைப் பார்த்த வெள்ளை அதிகாரிக்கு, தெங் கியூ பேசும் ஹக்கா மொழி நன்றாக வரும். தெங் கியூவுக்கு நாற்காலி போடச் சொன்னார். பிறப்புச் சான்று இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. யுக் ஷின் பிறந்தது சுரங்கத்து ஆட்கள் சேர்ந்து தங்கும் கொங்சிக் கொட்டகையில். பெயர் பதிய வந்த போலீஸ்காரனை வாசலிலேயே நிறுத்தி, எங்கள் பிள்ளைகளின் பெயர் எங்கள் முன்னோர் முன்னால் இருக்கிறது, உங்கள் காகிதத்தில் எதற்கு என்று திருப்பி அனுப்பியவர் தெங் கியூதான். பிள்ளையைப் பெற்றவளும் போய்விட்டாள், மருத்துவச்சியும் போய்விட்டாள்.

அதிகாரி அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதனால என்ன, லியூ பெரியவரே. இந்த மாதிரி குல ஏட்டை வச்சு ரெண்டு பேரை நான் ஏற்கெனவே கப்பல்லேர்ந்து இறக்கி விட்டிருக்கேன். அதுல ஒருத்தன் பேரு இருந்தா எனக்குப் போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க."

தெங் கியூ எழுந்து வெளியே வந்தார். ரயிலில் திரும்பியதும் நேராக ஷாவ் நாமிடம் போய், மகன் பெயரோடு வேறு தாள் எழுதச் சொன்னார்.

ஷாவ் நாம் மறுபேச்சுப் பேசாமல் தூரிகையை நனைத்தார். எழுதுவது பெரிய வேலை இல்லை, முத்திரைதான் வேண்டும் என்றார். ஐந்து பேர் வீட்டுக்கும் தெங் கியூ தாமே நடந்தார். ஒருவருடைய வீட்டு வாசலில் நின்று கேட்பது அவருக்கு வாழ்நாளில் முதல் முறை. இருவர் சரி என்றார்கள். இருவர் மூத்தவரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். எண்பது வயதான மூத்தவர் படுக்கையிலிருந்தபடியே கேட்டுக்கொண்டார்.

"நீதான் கூப்பிட்டே, வந்து முத்திரை வச்சோம். இப்போ அது பொய்த் தாள்னு வேற தாளுக்கு வைக்கச் சொல்றே. குலத்து முத்திரைன்னா என்னடா, செருப்பா? நேத்து கழட்டி இன்னிக்கு மாட்டிக்க?"

தெங் கியூ படியிறங்கி வெளியே வந்தார். அதே இடத்தில் தாம் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லியும் இருக்கிறார், வேறொருவனின் தகப்பனிடம்.

வியாழக்கிழமை காலை, ஏட்டை இருந்தபடியே பட்டுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதிகாரி ஏட்டைத் திறந்து, விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். 'வாரிசு இல்லை' என்ற இடத்தில் விரல் நின்றது. தெங் கியூ எழுந்து நின்று, அந்தத் தாள் பொய், உண்மைத் தாளைத் தாமே எரித்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு இடுப்பை வளைத்து வணங்கினார். யாருக்கும் வளையாத முதுகு அது, வளைந்தபோது வலித்தது.

அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து ஏட்டின் பக்கத்தில் வைத்தார்.

"இந்த ஏடு உண்மைன்னா உங்களுக்கு மகன் இல்ல. பொய்னா, பொய் ஏட்டை வச்சு நான் எதை நம்புறது?"

"என் வாய்ச்சொல்லை நம்புங்க துவான்."

"உங்க வாய்ச்சொல்லைத்தான் பேப்பர்ல படிச்சேன்."

முன்னூறு ஆட்கள் சாட்சி சொல்வார்கள் என்றார் தெங் கியூ. அவர்கள் ஒன்று உங்கள் ஆட்கள், இல்லாவிட்டால் அவன் ஆட்கள் என்று அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். ஏட்டை அவரே மூடி, பட்டுத்துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

கப்பல் பினாங்கிலிருந்து புறப்பட்டது. துறைமுகத்தில் உச்சி வெயில். உறவினர் ஒரு மூட்டை கொடுக்கலாம் என்று விட்டிருந்தார்கள். தெங் கியூ ஒரு பருத்திப் போர்வையும் உப்பு முட்டையும் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். காவலன் பட்டியலைப் பார்த்தான். லியூ யுக் ஷினுக்கு மனைவியைத் தவிர உறவு யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறதே, நீங்கள் யார் என்று கேட்டான். அப்பா என்றார். காவலன் பட்டியலை மறுபடி பார்த்துவிட்டு, தள்ளி நிற்கச் சொன்னான்.

தலையை மழித்த ஆட்களை இரண்டிரண்டு பேராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். யுக் ஷின் அவரைப் பார்த்துவிட்டான். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவன் குழி விளிம்பில் பெயர் கூப்பிடும் அதே குரலில் சொன்னான்.

"வெயில்ல நிக்காதீங்க தவுக்கே."

அப்பா என்று கூப்பிடவில்லை. பத்திரிகையில் வந்ததை அவன் படித்திருந்தான்.

சீனாவின் ஸ்வாத்தோ துறைமுகத்திலிருந்து வந்த ஒரு மாலுமி இரண்டு மாதம் கழித்துச் செய்தி கொண்டுவந்தான். அந்தக் கப்பலில் இறங்கியவர்களில் ஏழு பேரைத் தனியே பிரித்துச் சுங்கக் கிடங்குக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். கிடங்குக்குப் பின்னால் மதில் தவிர வேறு ஒன்றும் கிடையாது. பெயர் அவனுக்குத் தெரியவில்லை.

சேற்றில் போன ஏழு பேரில் ஐவரின் எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். ஆட்கள் பழைய கூலிக்கே குழிக்குத் திரும்பினார்கள். அந்த மழைக்காலத்தில் கம்பெனி ஒப்பந்தக்காரர்களை விலக்கிவிட்டு நேராக ஆள் எடுக்க ஆரம்பித்தது. யுக் ஷினின் கடைசிக் கோரிக்கைக்காக அல்ல; அதுதான் அவர்களுக்கு மலிவு. மேனேஜர் துரை தெங் கியூவைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஃபா யினுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முப்பது நாள் கழிந்ததும் தெங் கியூ நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஏட்டோடு ஷாவ் நாமையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார். பிறப்பைச் சிவப்பு மையால் எழுதுவது வழக்கம். மையைக் கரைத்து ஒரு சீசாவில் எடுத்து வந்திருந்தார்கள். தகப்பன் பெயரையும் சேர்த்து எழுத மூத்தவர் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார். போனவனுக்கு முத்திரை வைப்பதில் அவருக்குத் தடையில்லை.

ஃபா யின் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, தன்னோடு மணல் அரிக்கும் ஒரு பெண்ணுடன் எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாள். ஷாவ் நாம் விஷயத்தைச் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"ஏட்டுல எனக்குப் பேரு உண்டா சின்ன மாமா?"

பிறந்த குலத்தைச் சொல்லி வோங் வீட்டுப் பெண் என்று எழுதுவோம், அதுதான் முறை என்றார் ஷாவ் நாம்.

"ஸ்டேஷன்ல என் பேரையே எழுதுவாங்களாம். இவன் பேரு, இவங்கப்பா பேரு, என் பேரு. எழுதின தாள்ல ஒண்ணை எனக்குக் கொடுத்துட்டு ஒண்ணை அவங்களே வச்சுக்குவாங்களாம். எரிக்கணும்னாலும் ரெண்டு இடத்துல போய் எரிக்கணும்."

அவள் நடந்தாள். தெங் கியூவும் பின்னால் நடந்தார். ஏன் போகிறோம் என்று அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஏடு ஷாவ் நாமின் கையிலிருந்து எப்போதோ அவர் கைக்கு வந்திருந்தது; அதில் இன்னும் 'வாரிசு இல்லை' என்றே இருந்தது.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்த கிராணி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். சாட்சிக்கு மணல் அரிக்கும் பெண் பெருவிரலை உருட்டினாள். எழுதி முடித்த கிராணி, வாசலில் நிமிர்ந்து நின்ற பெரியவரைப் பார்த்துவிட்டு ஃபா யினிடம் கேட்டார்.

"இவர் யாரு? குழந்தைக்குத் தாத்தாவா?"

ஃபா யின் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏட்டைப் பாத்துக்கோங்க. அவர் கையிலதான் இருக்கு."

சரி, கொடுங்கள் என்று கிராணி கையை நீட்டினார். லியூ தெங் கியூ பட்டுத்துணியின் முடிச்சை அவிழ்க்கவில்லை.