தென்கிழக்கே போகும் வீடுகள்

உங்கள் வீட்டைத் தோளில் சுமந்து நிற்பவனின் முகத்தை, அவன் உண்ணும்போது நீங்கள் ஒருமுறையேனும் உற்றுப் பார்த்ததுண்டா?

அந்நியப் படை எங்கள் ஊருக்குள் வந்த நாளிலிருந்து எங்கள் வீடுகள் தரையில் இல்லை. வீட்டுக்கு நான்கு வீரர்கள், மூலைக்கு ஒருவராக நின்று சுமக்கிறார்கள். உங்கள் பாதுகாப்புக்காக என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டுத் தூக்கினார்கள். எதனிடமிருந்து பாதுகாப்பு என்று அறிவிப்பில் இல்லை. அதே வாரத்தில் நம் படையும் அவர்களுடைய நாட்டுக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டு வடிவாம்பாள் அக்காவின் மகன் பரணிதரனும் அந்தப் படையில் போனான்.

நன்றியோடு சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். ஐப்பசி வெள்ளம் இந்த ஆண்டு எந்த வீட்டுக்குள்ளும் வரவில்லை. தண்ணீர் வீரர்களின் இடுப்புவரை ஏறி இறங்கியது. நாங்கள் மேலே இருந்து அதை ஒரு காட்சியாகப் பார்த்தோம். எறும்பு இல்லை, கரையான் இல்லை, பாம்பு இல்லை. அடுப்பில் பால் பொங்கும்போது வீரர்கள் மூச்சை அடக்கி நிற்பார்கள். ஒரு துளி சிந்தியதில்லை. நாங்கள் இறங்க வேண்டுமென்றால் ஒருவர் முழங்காலை மடக்கிப் படியாக நீட்டுவார். பெற்ற பிள்ளைகளிடம் இத்தனை பொறுமையை எதிர்பார்க்க முடியுமா என்று உங்கள் நெஞ்சைக் கேளுங்கள்.

சந்தேகத்தைத் தொடங்கிவைத்தவர் தையற்காரர் குப்புலிங்கம். ஒருநாள் காலை அளவு நாடாவோடு இறங்கி வேப்பமரத்துக்கும் தம் வீட்டுக்கும் இடையே அளந்தார். பிறகு தெருவில் நின்று கத்தினார்.

"வாத்தியாரே, வீடு நகருது! எல்லா வீடும் தென்கிழக்கே போகுது!"

"அப்படியா?" என்றேன்.

"அவனுங்க நாடு எந்தப் பக்கம் இருக்கு?"

"தென்கிழக்கில்."

"அப்புறமென்ன அப்படியான்னு கேக்குறீங்க? சும்மா தூக்குறதுக்கு இவனுங்க என்ன நம்ம மச்சானா? கல்யாண வீட்டுல பந்தக்கால் நடுறவனே வேட்டி துண்டு கேக்குறான். இவனுங்க ஊரையே சுருட்டிக்கிட்டுப் போறானுங்க!"

அவர் சொன்னதில் பிழை இல்லை. வீடுகள் நகர்ந்திருந்தன. அன்று மாலையே தெருக்காரர்கள் அவரவர் சன்னலில் நின்றபடி கூட்டம் போட்டோம். கீழே நின்ற வீரர்கள் எங்கள் பேச்சுக்கு இடையூறாக இருக்கக் கூடாதென்று இருமலையும் அடக்கிக்கொண்டார்கள்.

குப்புலிங்கத்தின் யோசனை எளியது. "நாளையிலேருந்து ஒருத்தனுக்கும் சோறு போடாதீங்க. சோறு இருந்தாத்தான தெம்பு? தெம்பு இருந்தாத்தான நடை?"

"தெம்பு போனால் வீடும் விழுமே" என்றேன்.

"விழட்டும் வாத்தியாரே. நம்ம மண்ணுல விழட்டும்."

பலர் தலையசைத்தார்கள். குளத்துக்கு அப்பால் தம் சன்னலில் நின்ற வடிவாம்பாள் அக்கா மட்டும் அசைக்கவில்லை.

"நம்ம வாசல்ல நிக்கிறவனைப் பட்டினி போட்டுட்டு நான் எப்படி உலை வைக்கிறது?" என்று உரக்கக் கேட்டார். "எம் பையனுக்கு அங்க எவளோ ஒருத்தி சோறு போடுறா. அவ இப்படிக் கூட்டம் போட்டா என்ன ஆகும்?"

"அக்கா, உன் வீடுதான் எல்லாத்துக்கும் முன்னால போயிருக்கு. குளத்தையே தாண்டியாச்சு. உன் பையன் திரும்பி வந்தா எந்த வீட்டுக் கதவைத் தட்டுவான்?" என்றார் குப்புலிங்கம்.

மகன் புறப்பட்ட நாளில் அக்கா, வேப்பமரத்துக்கு நேர் எதிரே நம் வாசல், மறந்துவிடாதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இப்போது வேப்பமரத்துக்கு எதிரே வெறும் மண் இருந்தது. அவர் சன்னலை மெதுவாகச் சாத்தினார்.

அன்பர்களே, சந்தேகப்படுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அழைக்காமல் வந்து ஊரைத் தூக்கியவனைச் சந்தேகிக்காதவன் சுரணையற்றவன். ஆனால் சந்தேகத்துக்கு இரண்டு கண் வேண்டும். ஒன்று அவன் கையைப் பார்க்க, மற்றொன்று நம் கையைப் பார்க்க. குப்புலிங்கத்தின் வீடு ஒரு சாண்தான் நகர்ந்திருந்தது. அவர் வீரர்களுக்கு ஊற்றும் குழம்பில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதை ஊரே அறியும். அக்காவின் வீடோ குளத்தைத் தாண்டியிருந்தது. இந்த வேறுபாடு என்னை உறுத்தியது. மறுநாள் மதியம் இறங்கி நடந்து அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சமையலறை தென்கிழக்கு மூலையில்தான் இருக்கும். அந்த மூலையைச் சுமந்தவன் பெயர் ஓரின். வீடு உயர்ந்து நின்றதால் சமையலறை வாசற்படி அவனுடைய மார்புக்கு நேராக இருந்தது. அக்கா அந்தப் படியில் இலை விரித்துப் பரிமாறிக்கொண்டிருந்தார். ஓரின் இடக்கையால் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் உண்டான். எங்கள் மொழியில் இரண்டே சொற்கள் கற்றிருந்தான். ஒன்று அம்மா. மற்றொன்று போதும்.

"போதும்" என்றான்.

அக்கா ஒரு கரண்டி சோறு வைத்தார்.

எங்கள் ஊர் உபசாரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். விருந்தாளி வாயால் சொல்லும் போதும் என்ற சொல்லை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. அது கூச்சம். அவர் முன்னால் குனிந்து இரண்டு கைகளையும் இலைக்கு மேலே குறுக்காக நீட்டி மறிக்க வேண்டும். அப்போதும் விரல் இடுக்கில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் நம்புவோம். ஓரினிடம் நீட்டுவதற்கு இரண்டு கைகள் இல்லை. ஒன்றில் எங்கள் அக்காவின் வீடு இருந்தது.

"போதும், அம்மா."

"இளைச்சுப் போயிட்ட தம்பி. சாப்பிடு."

சாம்பார் விழுந்தது. ஓரின் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தான். ஓர் அடி பின்வாங்கினான். வீடு அவன் தோளில் இருந்ததால் வீடும் வந்தது. வீட்டின் படியில் இருந்ததால் இலையும் வந்தது. இலையின் பின்னால் நின்றதால் கரண்டியோடு அக்காவும் வந்தார். மற்ற மூவரும் ஒழுங்கு தவறாமல் ஓரடி எடுத்து வைத்தார்கள். அக்கா ரசம் ஊற்றினார். ஓரின் இன்னோர் அடி பின்வாங்கினான்.

நான் தெருவுக்குத் திரும்பி நடந்தேன். எல்லாச் சமையலறைகளிலும் இதுவே நடந்துகொண்டிருந்தது. குப்புலிங்கம் மட்டும் இலையைச் சுருட்டி எறிந்துவிட்டு வாசலில் காவல் நின்றார்.

மாலையில் மீண்டும் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"என்னை என்ன பண்ணச் சொல்ற தம்பி? பாதி வயித்தோட எழுப்பச் சொல்றியா?"

"அவன் போதும் என்கிறான், அக்கா."

"போதும்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எம் பரணி என்னைக்குப் போதும்னு சொல்லாம சாப்பிட்டிருக்கான்? நான் நிறுத்தியிருந்தா அவன் வளந்திருப்பானா?"

மறுநாளும் அக்கா இலை விரித்தார். அக்காவின் வீடு சோளக்காடுகளைக் கடந்தது, உப்பளங்களைக் கடந்தது, இரு நாட்டுக்கும் நடுவிலுள்ள ஓடையையும் கடந்தது. ஓடையில் இறங்கியபோது வீரர்கள் வீட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். விளக்கு அணையவில்லை. அதற்கும் அக்கா நன்றி சொல்லி, பாயசம் ஊற்றினார். இன்னோர் அடி.

இன்று காலை அக்காவிடமிருந்து எனக்கு ஆள் வந்தது. ஓடை தாண்டிப் போய்ப் பார்த்தேன்.

அக்காவின் வீட்டுக்கு எதிரே இன்னொரு வீடு நின்றது. அவர்கள் நாட்டுக் கட்டுமானம்; சிவப்புக் கூரை. நம் படை வீரர்கள் நால்வர் அதைச் சுமந்து வந்திருந்தார்கள். அங்கே சமையலறை வடமேற்கு மூலையில் இருக்குமாம். அந்த மூலையில் நின்றவன் பரணிதரன். ஓரினின் முதுகும் அவன் முதுகும் ஒட்டி நின்றன. இருவர் கன்னங்களும் உப்பியிருந்தன.

அக்கா மகனின் பிடரியைத்தான் முதலில் அடையாளம் கண்டார். "பரணி" என்றார்.

அவனால் முழுதும் திரும்ப முடியவில்லை. விழுங்கிவிட்டுப் பேசினான். "அம்மா. வேப்பமரத்தைத் தேடிக்கிட்டே வந்தேன். போதும்னு சொன்னா இவங்க கேக்கவே மாட்டேங்கிறாங்கம்மா."

"இளைச்சுப் போயிட்டியேடா."

"அம்மா, நல்லாப் பாருங்க."

சிவப்புக் கூரை வீட்டின் சமையலறைப் படியில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். அக்காவின் வயதுதான் இருக்கும். கையில் நீண்ட மரக்கரண்டி. அதில் ஆவி பறக்கும் ஏதோ ஒரு கூழ். அவர் பரணிதரனின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஓரினைப் பெயர் சொல்லி அழைத்தார். பிறகு அவர் மொழியில் ஏதோ சொன்னார். ஓரின் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஓரினின் அம்மா என்ன சொல்கிறார்?" என்று நான் பரணிதரனைக் கேட்டேன்.

"இளைச்சுப் போயிட்டானாம்" என்றான் பரணிதரன்.

இப்போது இரண்டு தாய்மாரும் கரண்டியை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். எதிரே இரண்டு இலைகள் நிறைந்திருக்கின்றன. இதுவரை ஒவ்வொரு கரண்டிக்கும் ஓர் அடி இருந்தது. இனிப் பின்வாங்க இடமில்லை. இன்னும் ஒரு கரண்டி விழுந்தால் இரண்டு பிள்ளைகளும் கையெடுத்து இலையை மறிக்கத்தான் வேண்டும். இரண்டு வீடுகளும் அவர்கள் தலையில் இறங்கும்.

அந்தப் படை ஏன் வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. நம் படை ஏன் போனது என்றும் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். குப்புலிங்கம் அளப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த விடை வருவதற்கு முன்பே மதியம் வந்துவிடும். நான் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நின்று இதை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்கா என்னைப் பார்க்கிறார். கரண்டி இன்னும் சாயவில்லை.

எனக்குப் பின்னால் ஓடையில் தண்ணீர் கலங்கும் ஓசை கேட்கிறது. நம் தெரு முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. எதிரே சிவப்புக் கூரைகள் வரிசையாகத் தெரிகின்றன. நீங்கள் அமர்ந்து இதைக் கேட்கும் வீடும் இவற்றில் ஒன்றுதான். தரை மெல்ல அசைவதை உணர்வீர்கள். ஆகவே எழுந்து உங்கள் சமையலறை மூலைக்குச் செல்லுங்கள். அங்கே நிற்பவனுக்கு நன்றி சொல்லுங்கள். அவன் போதும் என்றால், இரண்டு கைகளும் நீளும்வரை காத்திராமல், அந்த ஒரு சொல்லை நம்புங்கள். கரண்டியைக் கீழே வையுங்கள். நாளைக்கு அல்ல, இன்றே, உலை இறக்குவதற்குள்.