தோற்றவர் தராத அனுமதி

பல இனத்தார் சேர்ந்து வாழும் நாட்டில், புதிய அரசியல் சட்டத்தால் மருத்துவமனைகள் மாநிலங்களின் கைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காய்ச்சல் பரவியதால், பூட்டிக் கிடந்த மருத்துவமனையை உடனே திறந்தாக வேண்டும். மாநில அமைச்சர் பழக்கதோஷத்தில் தலைநகரில் இருந்த மத்திய அரசின் சுகாதாரச் செயலாளருக்குப் போன் செய்தார். மாநிலங்களுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதைக் கடைசிவரை எதிர்த்த மனிதர் அந்தச் செயலாளர்.

"ஐயா, திறக்க உங்க அனுமதி வேணும்."

"என்கிட்டயா? சண்டை போட்டு வாங்கிட்டுப் போனது நீங்கதானேம்மா!"

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"மாட்டேன். இன்னிக்கு நான் சரின்னு சொன்னா, நாளைக்கு இங்க உக்காருறவன் வேண்டாம்பான். தோத்தது நான். ஜெயிச்சதைத் திருப்பிக் குடுக்காதீங்க."

அமைச்சருக்கு வெட்கமாகிவிட்டது, அந்த மனிதர்மேல் மரியாதையும் கூடியது. போனை வைத்துவிட்டு, எதிரே நின்ற மருத்துவரிடம் சொன்னார்: "பூட்டைத் திறங்க. நான் சொல்றேன்."