தலை வைக்கும் திசை

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் குடும்பமாக ஓர் இரவுகூட வெளியூரில் தூங்கியதில்லை. என் வீட்டுக்காரர் வீரமுத்துவுக்குச் சொந்தக் கட்டிலைத் தவிர வேறெங்கும் தூக்கம் வராது. ஜெயங்கொண்டத்தில் என் அம்மா வீட்டுக்கு வந்தாலும் விடியவிடிய உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் வெளிச்சத்தில் எங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆண்டிமடம் திரும்பிவிடுவார். பிள்ளைகள் இரண்டும் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. அப்பாவுக்குத் தூக்கம் வராது என்று எத்தனை லீவுக்குத்தான் அவர்களுக்குச் சமாதானம் சொல்வது?

வீட்டையே ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவோம் என்று இந்த வருடம் நான்தான் கிளப்பிவிட்டேன். பாடாலூரில் பட்டறை வைத்திருக்கும் குருமூர்த்தி, படுக்கையும் சமையல் மேடையும் வைத்து மூன்று டிரெய்லர் கட்டி நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நால்வரும் கிளம்பிப் போனோம்.

முதல் டிரெய்லரே எனக்குப் பிடித்துவிட்டது. எங்களுக்கு ஒரு படுக்கை, பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு, தலைமாட்டில் ஜன்னல். ஐந்து வயது ராஜராஜன் மேல் படுக்கையில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றான். இவரோ அடுப்பையும் பார்க்கவில்லை, சக்கரத்தையும் பார்க்கவில்லை. செல்போனில் திசைகாட்டியை எடுத்துத் தலையணை மேல் வைத்தார்.

"வடக்கால தலை வருது. இது வேணாம்."

இரண்டாவதிலும் வடக்கு. மூன்றாவதில் கிழக்கே தலை வந்தது; பிள்ளைகளுக்குத்தான் இடமில்லை. கீழே பாய் விரித்துக்கொள்ளட்டும் என்றார். பாய் விரிக்கவும் இடமில்லை என்று காட்டினேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகாமலிருக்க இந்த மனிதருக்கு மட்டும் எங்கிருந்துதான் காரணம் கிடைக்கிறதோ!

ஒன்பது வயது பூங்குழலிதான் கேட்டாள். "ஏம்ப்பா, வண்டி வேற பக்கம் திரும்பி நின்னா தலையும் திரும்பிடுமில்ல?"

குருமூர்த்தி சிரிப்பை மறைக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். இவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று முனகிவிட்டு, முதல் டிரெய்லருக்குள் போய் ராஜராஜனை இறக்கி வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே பூங்குழலி குருமூர்த்தியைத் துளைத்தெடுத்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகும், ஓடும்போது உள்ளே உட்காரலாமா, ஆடினால் பல்லி விழுமா. அரை மணி நேரம் ஆகியும் இவர் வரவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று நான் போய்க் கதவைத் திறந்தேன்.

நெஞ்சின் மேல் செல்போன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டிமடத்தில் தினமும் நான் கேட்கும் அதே குறட்டை. தலை நேர் வடக்கே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுப்ப ஓடிய ராஜராஜனைப் பிடித்து நிறுத்திவிட்டுக் குருமூர்த்தியிடம் போனேன்.

"தம்பி, இதையே எடுத்துக்கிறோம். அவரு முழிக்கறதுக்குள்ள, தலை கிழக்கால வர்ற மாதிரி வண்டிய மெதுவா தள்ளித் திருப்பிடலாமா?"